பதினொரு பேருக்குக் காய்ச்சல்

சிங்கப்பூர்,
14-6-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பெயர் வைத்த உங்கள் மகள் அறிவுக்கொடியின் கல்யாண விருந்துக்கு எங்கள் சாதி ஒழிப்புச் சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. செயற்குழுவில் பதினொரு பேருக்கும் அன்று காய்ச்சல். மருத்துவர்கள் ஆராய வேண்டிய விஷயம்.

சென்ற மாதம் தேக்காவில் சங்கம் நடத்திய சமபந்தி விருந்தில் உங்கள் பக்கத்து இலையில்தான் சாப்பிட்டேன். பத்திரிகையில் படமும் வந்தது. ஆனால் அன்று சமைத்தவர்கள் எங்கள் ஆட்கள். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில், உங்கள் வீட்டு அடுப்பில் வெந்த சோறு என்றதும் காய்ச்சல் கண்டுவிட்டது.

வராதவன் வீட்டுக்கும் நீங்கள் தூக்குச்சட்டியில் பாயசம் கொடுத்தனுப்பினீர்கள்.

"மேடையில சாப்பிட்டீங்க, நான் ஒண்ணும் சொல்லல. இது வீடுங்க," என்றாள் என் மனைவி. நானும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. பாயசம் இரண்டு நாள் வாசலிலேயே இருந்து புளித்தது.

தூக்குச்சட்டியை நானே கழுவி இத்துடன் அனுப்புகிறேன். ஆகஸ்டில் அடுத்த சமபந்தி. வழக்கம்போல் முதல் வரிசையில் உங்களுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறார்கள், படம் எடுக்க வேண்டுமாம். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

'உங்கள் தம்பி' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்