நானூறு லிட்டர் பாலும் அப்பாவின் பயிற்சி நோட்டும்

ஃபோர்ட் போர்ட்டல்,
ஆகஸ்ட் 14

என் அன்பு மகள் குனிஹிராவுக்கு, செல்லப் பெயரில் எங்கள் அப்வூலிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே உன் அம்மா சுகம், இரண்டு பசுக்களும் சுகம், போன வாரம் பிறந்த கிடேரிக் கன்றும் சுகம், என் இடுப்பு மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடல் தாண்டிக் கார்க் நகரத்தில் நீ குளிருக்கு இதமாக உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி மழையையும் சித்தி வீட்டுக் கல்யாணத்தையும் ஆரம்பித்துவிடுவாள். அதுவுமில்லாமல் இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டும் வருகிறது, அதைப் போனில் அனுப்ப முடியாது.

மூன்று மாதமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா வேலையாக இருக்கிறார் என்று அம்மா சொன்னாளே, அது பொய்யில்லை. வேலைக்குத்தான் போயிருந்தேன், ஆனால் பாடம் நடத்தக் கல்லூரிக்கு இல்லை. ஆற்றுப் பாலம் தாண்டி இருக்கிற தயிர்த் தொழிற்சாலைக்கு, பயிற்சி ஆளாக, தலையில் வலைத் தொப்பியும் காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸுமாக. சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, ஊரே சிரித்து முடித்துவிட்டது.

எல்லாம் பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தால் வந்தது. அங்கே பால் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு குழாயைக் கையில் கொடுத்துப் பால் தொட்டியைக் கழுவச் சொன்னார்கள் என்றும், எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியாமல் நின்றாய் என்றும், அதே தொட்டியை மூன்று வருஷம் படமாக வரைந்து என்னிடம் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கிய நீ குளியலறைக்குப் போய் அழுதாய் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா என்று வேறு ஒரு வரி. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பால் தொழில்நுட்பத்தை இருபத்தாறு வருஷம் நடத்தியவனுக்கு மகளே மார்க் போடுகிறாளா என்று இரண்டு வாரம் உன் கடிதத்தைத் தொடவில்லை. உன் அம்மாதான் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே, "இவ்வளவு கோபம் வருதுன்னா அவ சொன்னதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். இல்லாட்டி சிரிச்சிட்டு விட்டிருப்பீங்க" என்றாள். அன்று ராத்திரி களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை.

கடைசி வருஷப் பிள்ளைகளை ஆறு வாரம் வெளியே பயிற்சிக்கு அனுப்புகிறோமே, அதன் லட்சணம் உனக்குத் தெரியாததா. போன இடத்தில் டீ போடச் சொல்வார்கள், காகிதம் அடுக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் கடைசி நாள் உட்கார்ந்து பயிற்சி நோட்டு முழுக்க 'கவனித்தேன், கவனித்தேன்' என்று நிரப்புவார்கள். மேற்பார்வைக்குப் போகிற ஆசிரியர் மேலாளர் அறையில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவார். ஏப்ரல் மாதக் குழுக் கூட்டத்தில் நான் எழுந்து, இனி ஒரு பருவம் முழுக்க, மூன்று மாதம், ஒவ்வொரு பிள்ளையும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்யவேண்டும், அங்கே தேறாதவருக்குப் பட்டம் கிடையாது என்றேன். முதல்வர் பியாமுகாமா இருக்கிறாரே, செல்லப் பெயரில் நம்ம அக்கீக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பூட்ஸ் போட்டுட்டுத் தரை கழுவவா பிள்ளைங்க ஃபீஸ் கட்டுறாங்க அராலி? அவ்வளவு லேசுன்னா நீங்களே மூணு மாசம் நின்னு பாஸ் பண்ணிட்டு வாங்க. அறுபது மார்க் வாங்கினா உங்க திட்டத்துக்கு முதல் கை நான் தூக்குறேன். வாங்கலேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும் முன்பே நான் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் பயம் வந்தது. நான் தோற்றால் என் மானம் போவது இருக்கட்டும், அடுத்து பட்டம் வாங்கப்போகிற நாற்பத்தோரு பிள்ளைகளும் உன்னைப் போலவே எங்கேயோ போய் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு முழிக்கவேண்டியதுதான்.

எனக்கு மேலே அங்கே யார் தெரியுமா? கெமிகிசா. உனக்கு இரண்டு வருஷம் மூத்தவள், என் பாடத்தில் நாற்பத்தேழு வாங்கித் தோற்று மறுபரீட்சை எழுதியவள். இன்று அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி முழுவதும் அவள் கையில். என் மார்க்கும் அவள் கையில். முதல் நாள் வாசலிலேயே, "வாங்க அராலி. இங்க சார் எல்லாம் கிடையாது, எல்லாருக்கும் செல்லப் பேர்தான், நான் அட்யேரி, அவ்வளவுதான். கை கழுவுங்க" என்றாள். கழுவினேன். நகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவச் சொன்னாள். பிறகு மறுபடியும். நாற்பத்தேழுக்குப் பழி வாங்குகிறாள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு குழாயைக் கொடுத்து தொட்டியைக் காட்டினாள். மகளே, எந்தத் திருகு என்று எனக்கும் தெரியவில்லை. அந்தத் திருகுகளுக்கெல்லாம் எண் போட்டுக் கரும்பலகையில் வரைந்தவன் நான், ஈரத் தரையில் நிற்கும்போது ஒரு எண்ணும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் குளியலறைக்குப் போய் அழவில்லை, ஆனால் போகவேண்டும்போல இருந்தது.

மூன்று வாரம் கழுவிக் கழுவி இடுப்பு போனபிறகு, பால் வாங்குகிற வாசலில் நிற்கச் சொன்னாள். இது என் ராஜ்யம் என்று நினைத்துக்கொண்டேன். பால்மானி, பால் திரிகிறதா என்று பார்க்கிற சாராயச் சோதனை, வெப்பமானி, எல்லாம் நான் நடத்திய பாடம். விவசாயிகள் கேனோடு வரிசையில் நின்றார்கள், நான் கேனைத் திறப்பேன், சோதிப்பேன், எழுதுவேன், அடுத்தது. வழக்கமாக மூன்று மணி நேரம் ஆகிற வரிசையை ஒன்றே கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நானூறு லிட்டரைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினோம். மறுநாள் காலை மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருக்கிறது. தயிரும் இல்லை, புளிப்பும் இல்லை.

அட்யேரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். என் எண்களையெல்லாம் பார்த்துவிட்டு, "எண் எல்லாம் சரியாத்தான் இருக்கு. வந்தவங்ககிட்ட செல்லப் பேர் கேட்டீங்களா? வீடு எப்படி, மாடு எப்படின்னு கேட்டீங்களா?" என்றாள். வரிசை நீளமாக இருந்தது, நேரத்தை மிச்சம் பிடித்தேன் என்றேன். அவள் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். மூன்றாவது ஆள், மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு பெரியவர், செல்லப் பெயர் அத்வோக்கி. மனைவியின் முழங்கால் வலி, வாழைத் தோட்டத்தில் காற்று அடித்தது, பேரனின் காய்ச்சல், எல்லாம் கேட்டு முடித்தபிறகு தானாகவே சொன்னார், செம்மறைப் பசுவுக்கு மடி வீங்கி முந்தாநாள் ஊசி போட்டது என்று. அந்த மருந்து பாலில் இறங்கினால் உறை செத்துப்போகும், தயிர் உறையாது. இருபத்தாறு வருஷமாக நான் நடத்துகிற பாடம் அது, வருஷா வருஷம் பத்து மார்க் கேள்வி. நான் போனை வாங்கி, ஏன் பெரியவரே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே அய்யா. வணக்கம்கூடச் சொல்லல. என்மேல ஏதோ கோபம்னு நெனச்சுப் பேசாம வந்துட்டேன்" என்றார் பாவம்.

யோசித்துப் பார். நம் ஊரில் நாலு வயதுக் குழந்தைக்குக்கூட, எதிரே வருகிறவரின் செல்லப் பெயரைக் கேட்டு நலம் விசாரிக்கத் தெரியும். அதைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னவன் நான்தான். என் வகுப்பில் பெயரே கிடையாது, பதிவெண்தான். உன்னையே பதினேழு என்று கூப்பிட்டவன் நான். மூன்று வருஷம் படித்து வெளியே போகிற பிள்ளைக்குச் சோதனைக் குழாயைப் பிடிக்கவும் ஒழுங்காக வராது, மனிதரிடம் பேசவும் மறந்துபோயிருக்கும். அட்யேரி பேனாவை என் கையில் கொடுத்து நோட்டில் எழுதச் சொன்னாள். இருபத்து மூன்றாம் பக்கத்தைப் பார், என் கையெழுத்துதான்: 'இன்று நானூறு லிட்டர் பாலைக் கெடுத்தேன். காரணம்: வணக்கம் சொல்லவில்லை.'

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன், மெதுவாக. கடைசி நாள் அட்யேரி என் பின்னால் நோட்டும் பேனாவுமாக நின்றாள், அதுதான் பரீட்சை. இரண்டு கேனோடு ஒரு பெண் வந்தாள். செல்லப் பெயர் கேட்டேன், அச்சாலி என்றாள். வீட்டை விசாரித்தேன், அவரைக்காய் காய்த்திருக்கிறதாம், மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் முதலாவதாம். மாடுகள் எப்படி என்றதும், கருப்புப் பசுவுக்கு நேற்று ஊசி போட்டதைச் சொன்னாள். எந்தக் கேன் என்று கேட்டேன், இடது பக்கம் என்றாள். அதை ஓரமாக வைத்து, மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் அந்தப் பசுவின் பாலைத் தனியாகக் கறக்கச் சொன்னேன். அவள் முகம் கோணாமல் போனாள். திரும்பிப் பார்த்தால் அட்யேரி எழுதிக்கொண்டிருந்தாள்.

அறுபத்து நாலு. பாஸ். குறிப்பு எழுதியிருக்கிறாள்: 'கை கழுவுவது மிக நன்று. குழாய் கழற்றி மாட்டுவது சுமார். பேச்சு முதலில் போதவில்லை, இப்போது கொஞ்சம் அதிகம்.' பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லையா அட்யேரி என்று கேட்டேன். "வச்சேன். அதனாலதான் எழுபது போடல" என்றாள். உன் அம்மா அன்றைக்குக் கோழி அடித்தாள். என் பட்டமளிப்பு விழாவுக்குக்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை.

முதல்வர் அக்கீக்கி கூட்டத்தில் இருபத்து மூன்றாம் பக்கத்தை உரக்கப் படித்து, சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கையைத் தூக்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதற்கு அவரை வாழ்த்தத்தான் வேண்டும். ஜனவரியிலிருந்து நாற்பத்தோரு பேரும் போகிறார்கள், தயிருக்கு, நெய்க்கு, தேயிலைக்கு என்று பிரித்திருக்கிறோம். யாரையும் டீ போடச் சொல்லக்கூடாது என்றேன், "என் டீயை நானே போட்டுக்கறேன்" என்று அட்யேரி சொல்லிவிட்டாள். வியாழக்கிழமைகளில் அவள் கல்லூரிக்கு வந்து என் வகுப்பை எடுக்கிறாள், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன். பிள்ளைகளை இப்போது செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். நம் ஊருக்கே பத்துப் பன்னிரண்டு செல்லப் பெயர்தானே, ஒரே வகுப்பில் ஏழு அக்கீக்கி இருப்பதால் கூப்பிட்டால் ஏழு பேரும் எழுந்து நிற்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று தொழிற்சாலை, மற்றது கல்லூரி ஆசிரியர். பாடத்துக்கு ஆசிரியர் நான்தான், எனக்கு நானே போட்டுக்கொள்ள முடியாது என்று முதல்வர் சொல்லிவிட்டார், அந்தக் கோடு காலியாக இருக்கிறது. அப்போதுதான் அலமாரியிலிருந்து உன் பழைய பயிற்சி நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பது நாள், முப்பது 'கவனித்தேன்'. கடைசியில் என் கையெழுத்து, பக்கத்தில் 'மிக நன்று'. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நீ டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு பக்கம்கூடத் திறக்காமல் போட்டேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ குளியலறையில் அழுததற்கு அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம். என்னை மன்னித்துவிடு மகளே.

கடவுள் உன் கைக்கும் வேலைக்கும் துணை இருக்கட்டும், உன்னோடு வேலை செய்கிறவர்கள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களாக இருக்கட்டும். கம்பளிக் காலுறை இரண்டு வைத்திருக்கிறாள் அம்மா, போட்டுக்கொள். காலியாக இருக்கிற அந்தக் கோட்டில் நீதான் கையெழுத்துப் போடவேண்டும், மார்க்கும் உன் இஷ்டம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போடு.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
அப்பா,
அராலி ரூபோங்கோயா