உங்களைப் போர்த்தி அனுப்பிய துணி

ஆசை அத்தானுக்கு,

உங்கள் மெர்சி எழுதுகிறேன். நீங்கள் கப்பலில் இருக்கும்போது ஒரு வரி போடுங்கள், ஒரு வரி போடுங்கள் என்று உங்களை அரித்துக்கொண்டே இருப்பேன். இப்போது எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பதில் வராது என்று தெரியும். முன்பு மட்டும் எப்போது ஒழுங்காக வந்தது, சொல்லுங்கள்?

கல்லறைத் திருநாள் வருகிறது. புன்னைக்காயலே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறது, புல் வெட்டுவதும் வெள்ளையடிப்பதுமாக. உங்கள் கல்லறைக்கும் நேற்று அடித்தாயிற்று. மழை வருவதாகப் போக்குக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. வீட்டுக்குள் புழுங்கித் தொலைக்கிறது. ஆனாலும் நான் மின்விசிறி போடுவதில்லை.

மத்தியானம் கொஞ்சம் கண் அசந்தால் போதும், நீங்கள் வந்து வாசலில் நிற்கிறீர்கள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். உள்ளே வருவதில்லை, ஒன்றும் கேட்பதும் இல்லை. விழித்ததும் முதல் வேலையாக எழுந்து போய், நம் மகள் ஷைனி போட்டுவிட்ட விசிறியை நிறுத்துகிறேன். அவள் எரிந்து விழுகிறாள். "எம்மா, இந்த வெக்கையில நாம சாவணுமா?" என்கிறாள். உங்க அப்பாவுக்குக் குளிருது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

குளிர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

மொம்பாசா துறைமுகத்தில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே முடிந்துவிட்டது. சரக்கை இறக்கியதும் கப்பல் கிளம்பிவிட்டது. காகிதங்கள் வரவில்லை, கையெழுத்து வரவில்லை என்று உங்களை அந்த ஊர்ப் பிணவறையில் போட்டு வைத்திருந்தார்கள். கப்பல் கம்பெனி ஆபீசிலிருந்து பேசியவரிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். "அவருக்குப் பக்கத்துல யாரு இருக்கா?" அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ப்ராசஸ் போய்க்கிட்டு இருக்கு மேடம்" என்றார். நம் கரையில் செத்தவரை ஒரு நொடி தனியாக விடுவோமா? செபமாலையோடு யாராவது உட்கார்ந்திருக்க மாட்டோமா? நீங்கள் அங்கே தனியாகக் கிடக்கிறீர்கள் என்ற நினைப்பு என்னைச் சோறு தின்ன விடவில்லை.

பிறகு பெட்டி வந்தது. திறந்தால் உங்கள் மேல் ஒரு துணி கிடந்தது. கருஞ்சிவப்பு, அதில் பெரிய மஞ்சள் பூக்கள், ஓரத்தில் அவர்கள் பாஷையில் ஒரு வரி. கழுத்துவரை இழுத்து, பிள்ளைக்குப் போர்த்துவது போல இரண்டு பக்கமும் செருகி விட்டிருந்தார்கள். விறகுப் புகை வாசம் அடித்தது. யார் வீட்டுத் துணியோ. எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் யாரோ ஒருத்தியின் துணிக்குள் கிடக்கிறாரே என்று ஆத்திரம்தான் வந்தது. உருவி எடுத்துவிட்டேன்.

உங்கள் அக்கா தெரசா மதினி என் கையைப் பிடித்தாள். "ஏளா, கெடக்கட்டும். எவளோ மனசாரப் போத்தி விட்டிருக்கா."

"எம் புருசனுக்கு ஊரார் துணி வேண்டாம் மதினி" என்றேன்.

கோட்டும் சூட்டுமாக, ராஜா மாதிரித்தான் உங்களை அனுப்பினேன். அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு வீடியோ கால் வந்தது. மொம்பாசா போனால் மாமா கடையில் டீ குடித்தேன் என்று சொல்வீர்களே, அந்த மாமா. யாரோ வயசான மனிதர் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் என்னைவிட இளையவள். மாமா என்றால் அங்கே அம்மாவாம், பிள்ளையின் பேரைச் சேர்த்து மாமா ஜுமா என்று கூப்பிடுவார்களாம். இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு உங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ஷைனி எனக்குச் சொன்னாள். நீங்கள் செத்துப்போனது துறைமுக வாசல்வரை தெரிந்திருக்கிறது. ஆள் யாருமில்லை என்றதும் மாமா ஜுமா கடையை மூடிவிட்டுப் பிணவறைக்குப் போயிருக்கிறாள். மறுநாள் அந்தக் கடை வரிசையில் இருந்த பெண்களெல்லாம் போயிருக்கிறார்கள். மோட்டார்பைக்கில் ஆள் ஏற்றும் ஒருவன் காசு வாங்காமல் கொண்டுபோய் விட்டிருக்கிறான். பழக்கடைக்காரி பாலும் சர்க்கரையும் கொடுத்திருக்கிறாள், இன்னொருத்தி கரி கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் சாயங்காலம் டீக்கடை முற்றத்தில் பாய் விரித்து, தங்கள் வீட்டில் ஒருவர் செத்ததைப்போல உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள். நீங்கள் என்ன பாட்டு விரும்புவீர்கள் என்று தெரியாததால் தெரிந்ததையெல்லாம் பாடினார்களாம். உங்களைப் பெட்டியில் வைத்தபோது அந்தப் பூப்போட்ட துணியைப் போர்த்திச் செருகிவிட்டதும் மாமா ஜுமாதானாம்.

"எதுக்குன்னு கேளு. அவரு இவங்களுக்கு என்ன வேணும்?" என்றேன் ஷைனியிடம்.

கேட்டாள். மாமா ஜுமாவுக்குக் கேள்வி புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "எங்க கடையில டீ குடிச்ச ஆளும்மா, பின்ன என்ன செய்யிறதுங்குதாங்க. அங்கன அப்படித்தானாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாவு, எதுன்னாலும் தெருவே சேருமாம். ஹராம்பேன்னு சொல்லுதாங்க. எல்லாரும் சேர்ந்து இழுக்கிறதாம்." நம்ம ஆட்கள் கரைவலை இழுப்பதுபோல என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்தபின் நான் அழுத அழுகை இருக்கிறதே, நீங்கள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நீங்கள் தனியாகக் கிடக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் விடுகிற ஆளா? அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத கை இது. அந்தத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, தூத்துக்குடிக்குப் போய் மக்ரூன் வாங்கி அதற்குள் வைத்துக் கட்டினேன். அந்தப் பக்கம் கப்பலேறிய ரொசாரியோ அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அவர் கொண்டுபோய்க் கொடுத்த அன்று மாமா ஜுமா கூப்பிட்டாள். மக்ரூனை வரிசை முழுக்கப் பங்கு வைத்தாளாம், நாக்கில் கரைந்துபோகிறதே, என்ன மாயம் என்றாள். பிறகு துணியைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டாள்.  ஷைனி சொன்னாள்.

"துணி ஏன் திரும்பி வந்துதுன்னு கேக்குதாங்கம்மா."

"அவங்கதுல்லா, அதான் குடுத்திட்டேன்னு சொல்லு."

ஷைனி கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது அப்பாவுக்குக் குடுத்ததாம். செத்தவங்களுக்கு யாரும் இரவல் குடுக்க மாட்டாங்களாம். இப்ப அவரு மேல என்ன கெடக்குன்னு கேக்குதாங்க."

அவள் கோபமாகக் கேட்கவில்லை, அத்தான். உங்கள்மேல் உள்ள கவலையில் கேட்டாள். அதற்கு மறுநாள்தான் நீங்கள் முதல் தடவை வாசலில் வந்து நின்றீர்கள்.

சாமியாரிடம் சொன்னேன். ஆத்துமாவுக்குக் குளிர் ஏதும்மா என்றார். அவருக்கென்ன, நீங்கள் அவர் வாசலிலா வந்து நிற்கிறீர்கள்? துணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் கல்லறை மேலாவது போடலாம். ஆனால் கேட்க வேண்டுமே. உப்பு தீர்ந்தால்கூட உப்பில்லாமல் குழம்பு வைப்பேனே தவிர இரவல் கேட்டதில்லை. அது உங்களுக்கும் தெரியும், உங்கள் நாக்குக்கும் தெரியும். ஒருத்தரிடம் போய் எனக்கு வேணும் என்று எந்த வாயால் சொல்வது? உங்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு நாள் நாளாகத் தள்ளிப்போட்டேன்.

நேற்று வெள்ளையடித்த கல்லறையைப் பார்த்தேன். மொட்டையாக, ஈரமாக இருந்தது. அங்கே அதற்குமேல் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஷைனியைக் கூப்பிட்டேன். "அவங்களுக்குப் போன் போடு. அந்தத் துணி வேணும்னு கேளு." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் வேணும் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

துணி இல்லையாம். துறைமுகத்தில் மீன்கூடை சுமந்த ஒரு கிழவர், உறவென்று யாருமில்லாதவர், போன மாதம் செத்துப்போனாராம். அவருக்குப் போர்த்திவிட்டார்களாம். "அப்பா பேரச் சொல்லித்தான் போத்துனாங்களாம்மா. இந்தியாக்காரர் ஜெரோம் குடுத்ததுன்னு எல்லாரும் கேக்கச் சொன்னாங்களாம்."

 ஒரு பக்கம் உங்கள் துணி யாரோடோ மண்ணுக்குள் போய்விட்டது. இன்னொரு பக்கம், செத்தபிறகும் நீங்கள் ஒருத்தருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் நான் கோபத்தில் உருவி எறிந்த துணியை. அந்தக் கிழவரை நீங்கள் பார்த்தீர்களா? உங்களுக்கு நன்றி சொன்னாரா?

ஷைனி போனை வைக்கப் போனாள். நான் தடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே கேட்டேன். "ஒன் மோர். ப்ளீஸ். கிவ் மீ." சொல்லும்போதே காது சுட்டது.

மாமா ஜுமா சிரித்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். திரும்பி அவர்கள் பாஷையில் யாரையோ கூப்பிட்டாள். அவ்வளவுதான், திரை முழுக்கப் பெண்கள். என்ன நிறம் என்பதில், இங்கிலீஷும் கலந்து, சண்டை. மாமா ஜுமா தான் மட்டும் வாங்கித் தருகிறேன் என்கிறாள், பழக்கடைக்காரி அதெப்படி, எங்கள் பங்கு எங்கே என்று மல்லுக்கு நிற்கிறாள். உங்களுக்காக அங்கே ஒரு தெருவே சண்டை போடுகிறது, அத்தான்.

ரொசாரியோ அண்ணன் ஊர் திரும்பும்போது கொண்டுவருவார். இந்தத் தடவை நான் பதிலுக்கு ஒன்றும் அனுப்ப மாட்டேன், சத்தியமாக. அனுப்பத்தான் கை பறக்கும், கட்டிப் போட்டுக்கொள்கிறேன். துணி வந்த அன்றே கல்லறையில் விரித்து, அவள் செய்ததுபோல இரண்டு பக்கமும் செருகி விடுகிறேன். அதன்பிறகு அது உங்களுடையது. குளிரென்று யாராவது வந்து எடுத்தால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். கொடுங்கள். நான் அவளிடம் இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்காகக் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி,
ஷைனியின் அம்மா மெர்சி