மிஸ் கார்லிஸின் எடுத்துக்காட்டுகள்

டுலூத், மினசோட்டா
ஜூலை 3, 1962

அன்புள்ள எல்டன்,

கோடைக்கு அங்கே போய் எழுதுகிறாயே, அந்த உளவியல் கலைச்சொல் புத்தகம் நலமா? உனக்கு உதவ வந்த மிஸ் கார்லிஸும் நலம்தானே? நாலு பக்கக் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர்தான். இத்தனை வருஷம் உன் பாடங்களுக்கு எடுத்துக்காட்டு எழுதித் தந்தவள் நான். இப்போது அவள். வயிறு எரிகிறது, மறைப்பானேன்? பக்கத்து வீட்டு ஹாகன் அம்மாள் வேறு, "ஊர் மனசையெல்லாம் படிக்கிற வாத்தியாருக்குப் பொண்டாட்டி மனசு மட்டும் தெரியாதாக்கும்!" என்கிறாள். சிரித்து வைத்தேன்.

உன் ஆல்வினா

ஆன் ஆர்பர், மிச்சிகன்
ஜூலை 6

ஆல்வினாக் கண்ணு,

நீயும் உளவியல் படித்தவள்தானே! இதற்குப் பெயர் புறத்தேற்றம்: தன் மனத்தில் இருப்பதை அடுத்தவர் தலையில் கட்டுவது. நம் ஊருக்கு வந்த அந்த வாலிப நூலகரை ஓயாமல் புகழ்ந்தது யாராம்? கோபிக்காதே, விளையாட்டுக்குச் சொன்னேன். கைப்பிரதி அனுப்பியிருக்கிறேன், பிழை பார்த்து வை. எடுத்துக்காட்டுகளை அவள் பிரமாதமாக எழுதியிருக்கிறாள். பதினைந்தாம் தேதி வீட்டுக்கு வருகிறேன்.

எல்டன்

டுலூத்
ஜூலை 9

எல்டன்,

நீ செய்வதற்கும் பெயர் உண்டு. நியாயப்படுத்தல்: ஆசைப்பட்டதைச் செய்துவிட்டு, காரணத்தை அப்புறம் தேடுவது. சுற்றி வளைக்காமல் சொல், உனக்கும் அவளுக்கும் என்ன? கைப்பிரதியை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் கிழித்துவிடுவேன்.

ஆல்வினா

ஆன் ஆர்பர்
ஜூலை 11

ஆல்வினா,

சத்தியமாக ஒன்றுமில்லை. அவள் சுண்டுவிரல்கூட என்மேல் பட்டதில்லை. மத்தியானம் சாண்ட்விச் தின்றுகொண்டே பேசுவோம், அதுவும் பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான். நம்பு.

எல்டன்

டுலூத்
ஜூலை 13

எல்டன்,

நம்புகிறேன். இன்று பிரித்துப் படித்தேன்.

'இடமாற்றல்: ஒருவர்மேல் உள்ள கோபத்தை வேறொன்றின்மேல் காட்டுவது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், கணவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரோஜாச் செடிகளை வெட்டிச் சாய்த்தாள்.'

'மறுத்தல்: நடந்ததை நடக்கவில்லை என்றே மனம் சாதிப்பது. அதே பெண் தொட்டில் அறைக்கு மறுபடியும் மஞ்சள் வர்ணம் பூசினாள்.'

என் அக்காவுக்குக்கூட இது தெரியாது. பார்த்தவன் நீ ஒருவன்தான்.

அவள் கையைப் பிடித்திருந்தால் கத்தியிருப்பேன், தட்டுகளை உடைத்திருப்பேன், பிறகு மன்னித்தும் இருப்பேன். பாவி, சாண்ட்விச் தின்றுகொண்டே என் பிள்ளையை எடுத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறாயே! பெயர் போடவில்லையே என்பாய். தெரியும்.

எழுத்துப்பிழை இரண்டு இருந்தன, திருத்திவிட்டேன். விளக்கங்களில் தப்பில்லை, மாணவர்களுக்கு நன்றாகப் புரியும்.

பதினைந்தாம் தேதி வர வேண்டாம்.

ஆல்வினா