மூன்றாம் நம்பர் கடிதம்

786

தாராவி, பம்பாய்
18-12-1949

அருமை மகன் ஷேக் பரீதுக்கு உன் வாப்பா கரீம் பாட்சா சலாம் கூறி எழுதிக்கொள்வது. ஆண்டவன் காவலில் நான் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறேன். கராச்சியில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்து உனக்குத் திகைப்பாக இருக்கும். நீ போன மூன்று வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை நாள் உனக்கு எழுதியதெல்லாம் உன் உம்மாதான். அவள் மவுத்தாகிவிட்டாள், எழுத வேறு ஆள் இல்லை, அதனால் கிழவன் எழுதுகிறான் என்று நினைப்பாய். அதுவும் உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

வீட்டுச் செய்தி முதலில். உம்மா போய் நாலு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா வரை ஆட்கள் வந்து போனார்கள், அதற்குப் பிறகு யாரும் வருவதில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து அறை பாகீரதி மட்டும் காலையில் எட்டிப் பார்த்து, மேஸ்திரி, இருக்கேளா என்று ஒரு குரல் கொடுப்பாள். உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கிறாள், நல்ல மனுஷி. சோறு நானே ஆக்குகிறேன். முதல் வாரமெல்லாம் இரண்டு பேருக்கு உலை வைத்தேன், இப்போது கை பழகிவிட்டது. கராச்சியிலிருந்து பச்சைத் தோல் வருவது செப்டம்பரோடு நின்றுபோனது உனக்கே தெரியும். தோல் பதனிடும் கிடங்கில் பாதித் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன. வேலை இருந்தாலாவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். சில நாள் வாயைத் திறக்காமலே பொழுது போய்விடுகிறது மகனே, அது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு முன்னால் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உம்மா மவுத்துக்கு உன்னால் வர முடியவில்லை, இந்தியாவுக்குள் வரப் பெர்மிட் கிடைக்கவில்லை என்று தந்தி அடித்தாய். நீ பாகிஸ்தானுக்குக் குடிபோய்விட்டவன் என்று இங்கே பெர்மிட் ஆபீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீ கப்பல் ஏறியபோது பாகிஸ்தானே பிறக்கவில்லை என்று நான் கத்தியதற்கு ஆபீஸில் யாரும் காது கொடுக்கவில்லை. போன மாதம், கிடங்குத் தராசடியில் உன்னோடு நிறுவை பார்த்த நம்பிராஜன் ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அண்ணாச்சி, நம்ம பரீதுக்கு ஐகோர்ட்டே வழி விட்டுட்டுல்லா என்று ஒரே சத்தம். உன்னைப் போலவே முன்னாலேயே கராச்சிக்கு வேலைக்குப் போன ஒரு துணிக்கடைக் குமாஸ்தாவின் கேஸ் அது. பிழைப்புத் தேடிப் போனதாலேயே ஒருவனைக் குடிபெயர்ந்தவன் என்று சொல்லிவிட முடியாது என்று ஜட்ஜ் எழுதியிருக்கிறார். அன்று நான் கூடுதலாக இரண்டு ரக்அத் தொழுதேன். மறுநாள் மாட்டுங்காவில் வக்கீல் வேங்கடசுப்ரமணியன் வீட்டுக்குத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளப் போனால், அவர் அடுத்த பக்கத்தையும் படித்தார். போனவன் திரும்பி வரும் எண்ணத்தோடு போனானா என்று பார்க்க வேண்டும் என்றும் அதே ஜட்ஜ்தான் எழுதியிருக்கிறாராம். யார் பார்ப்பது, ஆபீஸா கோர்ட்டா, எதை வைத்துப் பார்ப்பது, போகும்போது இருந்த எண்ணமா இன்றைக்கு இருக்கும் எண்ணமா, அது ஒன்றும் அதில் இல்லை. ஐகோர்ட்டுப் பக்கம் கோட்டையில் ஒரு பெரிய வக்கீலிடமும் போனேன். மாட்டுங்காக்காரர் எந்த வரியைக் காட்டி மனுப் போடலாம் என்றாரோ, அதே வரியில் விரலை வைத்து அவர் போடாதே என்கிறார். பதம் வந்ததா வரவில்லையா என்று தோலைத் தொட்டதும் ஒரே வார்த்தையில் சொல்பவன் நான், இத்தனை படித்தவர்களுக்கு அது முடியவில்லையே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் மாட்டுங்கா வக்கீலே, பாட்சா பாய், பையன் மனசிலே என்ன இருந்ததுன்னு அவன் எழுதின கடுதாசியிலேதான் தெரியும், எல்லாத்தையும் கொண்டு வாரும் என்றார். உன் கடிதங்கள் உம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தன, முப்பத்தொன்று. தபால் தவறினால் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் நம்பர் போட்டிருக்கிறாய். குர்ஆன் ஓத அரபு எழுத்து மட்டுமே படித்தவளுக்கு எழுதியதால் எல்லாம் அரபு எழுத்தில் தமிழ். ஆபீஸில் ஒரு முறை காட்டியபோது உருது தெரிந்த குமாஸ்தா தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஏதோ ரகசிய பாஷை என்றான். ஆகவே முப்பத்தொன்றையும் நம் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அசர் தொழுததும் ஜன்னலடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒன்பது நாள் எழுதினேன்.

உன் கடிதம் வந்தால் உம்மா வாசிப்பாள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்பேன். கேட்காதவன் போல இருப்பேன், அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் என்னைப் பற்றி ஒரு வரி வரும். வாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் அதிகம் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள், பனி காலத்தில் கழுத்துக்கு மப்ளர் சுற்றச் சொல்லுங்கள் என்று வாசிப்பாள். நானும் சுற்றினேன். மகன் சொல்லிவிட்டான் என்று நம்பிராஜனிடம் அலட்டிக்கொண்டேன். இப்போது முப்பத்தொன்றையும் என் கையாலேயே எழுதிவிட்டேன் மகனே. இருமல் இல்லை, மப்ளர் இல்லை, வாப்பாவுக்கு ஒரு சலாம்கூட இல்லை. எல்லாம் உன் உம்மா மதீனா பீவி தானாகச் சேர்த்து வாசித்தது. முதல் நாள் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. மூன்றாம் நாள் ஜன்னலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் மவுத்தான அன்றுகூட எனக்கு இவ்வளவு தனிமையாக இல்லை.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. என்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது, மூன்றாம் நம்பர் கடிதத்தில். வாப்பா அந்த வீட்டில் இருக்கும் வரை நான் பம்பாய் மண்ணை மிதிக்க மாட்டேன், இது சத்தியம் என்று எழுதியிருக்கிறாய். அதை உம்மா எனக்கு வாசிக்கவே இல்லை. வக்கீல் என் தமிழில் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். திரும்பி வர மாட்டேன்னு அவனே எழுதிட்டானே ஓய், சர்க்கார் வக்கீலுக்கு இது ஒண்ணு போதும், இதை எடுத்துடலாம்னா நம்பர் இடிக்கிறதே, ரெண்டுக்கு அடுத்தது நாலுன்னா எங்கே மூணுன்னு கேட்பானே என்றார். அதற்கு நான், எடுக்க வேண்டாம், அவன் ஏன் அப்படி எழுதினான் என்று நான் சொல்கிறேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சொன்னேன். ரமலான் பெருநாளுக்கு முன்னால் எழுபது தோலைச் சுண்ணாம்பில் போட்டிருந்தோம். பெருநாள் முடிந்து எடுக்கலாம் என்று உன்னிடம் சொன்னவன் நான். சொன்னதை நானே மறந்துவிட்டேன். லீவு முடிந்து போய்ப் பார்த்தால் அத்தனையும் வெந்து கூழாகக் கிடந்தது, முதலாளி சேட்டின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இருபது ஆட்கள் பார்க்க உன்னைச் செருப்பால் அடித்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வாப்பா சொல்லித்தான் விட்டேன் என்று நீ சேட்டிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்று சாயங்காலமே நம்பிராஜன் எனக்கு நினைவுபடுத்தினான், அப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மேஸ்திரி, தன் மகனிடம் போய்த் தப்பு என் மேல் என்று சொல்வதாவது என்று இருந்தேன். அடுத்த மாதம் நீ சேட்டின் கராச்சிக் கிளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். துறைமுகத்துக்குக்கூட நான் வரவில்லை. தப்பு என் மேல்தான் பரீது. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

வக்கீலின் குமாஸ்தா இதையெல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்தான். வக்கீல் எனக்குத் தமிழில் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டால் இது ஊருக்கெல்லாம் தெரியும், யோசிச்சுப் பாரும் என்றார். போட்டேன். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு போனவனைத் தேசத்தை விட்டுப் போனவன் என்று சொல்ல முடியாது என்று அவர் வாதாடப் போகிறாராம். தீர்ப்பில் அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லைன்னும் இல்லை என்றார். கோட்டை வக்கீல் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இனி உன் கையில் இருக்கிறது. திரும்பி வந்து பம்பாயிலேயே இருப்பேன் என்று நீ அங்கே ஒரு நோட்டரி முன்னால் சத்தியம் செய்து, ஜனவரி பத்தாம் தேதிக்குள் வக்கீல் விலாசத்துக்கு அனுப்ப வேண்டும். நீ வர ஆசைப்படுகிறாயா என்று உன்னைக் கேட்காமலே நான் மனுவை எழுதிவிட்டேன். உம்மாவுக்காக வர நினைத்தாய், அவள் இல்லாத வீட்டுக்கு வருவாயா என்று தெரியவில்லை. மூன்றாம் நம்பரில் ஒரு சத்தியம் செய்துவிட்டு இப்போது வேறு சத்தியம் எப்படிச் செய்வது என்று நீ தயங்குவாய். உன்னை எனக்குத் தெரியும், பிடிவாதத்தில் நீ என் மகன். அதனால் முதல் தேதியிலிருந்து நான் செம்பூரில் நம்பிராஜன் அறைக்குப் போகிறேன், பெட்டியைக் கட்டிவிட்டேன். அங்கே அகதி முகாமில் கராச்சியை விட்டு வந்த சிந்திக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், உன் தெரு எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். வீட்டுச் சாவி பாகீரதியிடம் இருக்கும். நீ வந்து கதவைத் திறந்தால் உள்ளே நான் இருக்க மாட்டேன், உன் சத்தியத்துக்கும் பங்கம் வராது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, கடல் காற்றில் தலையைத் துவட்டாமல் நிற்காதே. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் தருவானாக. ஜனவரி பத்து, மறந்துவிடாதே. பதில் எழுதினால் தலையில் முப்பத்திரண்டு என்று போடு, அரபு எழுத்திலேயே எழுதலாம், எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. என்னைப் பற்றி எழுத ஏதாவது இருந்தால் எழுது, இல்லாவிட்டால் விட்டுவிடு. சேர்த்து வாசிக்க இப்போது வீட்டில் ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா
கரீம் பாட்சா