ஆடியில் வேர்த்த சுவர்

12-8-1958, செவ்வாய்

ஆடி மாதத்தில் அந்த வாசலை மிதிக்காதீர்கள் என்று மங்களம் தடுத்தாள். கேட்காமல், கட்டில் போட இடம் அளக்க, வாங்கப்போகும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு இன்று போனேன்.

கூடத்துச் சுவரில் ஜன்னலோரம் கை வைத்தேன். உள்ளங்கை நனைந்துவிட்டது. இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. சித்திரையில் இதே சுவரில் சாய்ந்துகொண்டுதான் பேச்சை முடித்தேன். அன்று சட்டையில் வெள்ளைகூட ஒட்டவில்லை.

வீட்டுக்காரர் அசரவே இல்லை. "கொள்ளிடத்துல தண்ணி வந்தா வருஷா வருஷம் இப்படித்தாங்க. தை பிறந்தா காஞ்சிடும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே! ஆடியில யாருங்க வீடு பார்க்க வர்றாங்க?"

முட்டாள், நான்தான் முட்டாள். நல்ல மாதம் பார்த்து வீடு பார்த்தேன்!

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரயம். இந்த வாடகை வீட்டுக்கு வேறு ஆள் பேசியாகிவிட்டது. குழந்தைக்கு இழுப்பு என்று, ஈரமில்லாத வீடாகப் பார்க்கச் சொன்னதே டாக்டர்தான்.

மங்களத்திடம் சொல்ல வாய் வரவில்லை. சோறு போடும்போது கேட்டாள்: "பாப்பா கட்டிலை எந்தப் பக்கம் போடலாங்க?"

"ஜன்னலோரமா" என்று சொல்லித் தொலைத்தேன். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.