மைக்கை அணைத்து ஓர் அதட்டல்

மார்ச் 6, வெள்ளி
இன்றும் கணினி விழுந்தது. இணையவழிக் கூட்டு வழிபாட்டில் பாட என் முறை. இரண்டாம் பாட்டில் திரை உறைந்து, கணினி தானாக அணைந்தது. அது எழுந்து வருவதற்குள் இளைய ஓரகத்தி மீதிப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். முடிவில் குழுவிடம் சொல்கிறாள்: "பாவம், அக்காவுக்கு எதுக்குச் சிரமம்? இனிமே வாராவாரம் நானே பாடிடறேன்."
பாவமாம். சாமி, இந்த இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 9
விழும்போது கணினி எழுதிவைத்த குறிப்பைப் படித்தேன். மூன்று வருஷமாக நானே முட்டி மோதி நிரலெழுதக் கற்றது இதற்காவது உதவட்டும். குற்றவாளி, மைக்கின் டிரைவர் — மைக்குக்கும், கணினியையே ஆளும் உள்நிரலான கர்னலுக்கும் நடுவே தூது போகும் நிரல். ஆனால் ஆளில்லாத வீட்டில் எவ்வளவு பாடினாலும் விழ மாட்டேன் என்கிறது. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மார்ச் 10
இவர் இருக்கும்போது பாடினேன். உடனே விழுந்தது.
"என்னைப் பாத்தா மெஷினுக்கும் ஆகலையா?" என்றார்.
யோசித்தேன். இவர் இருந்தால்தான் நடுவில் மைக்கை அணைத்து, "என்னங்க, அடுப்பைப் பாருங்க" என்று ஓர் அதட்டல்; சட்டென்று மறுபடி மைக், மறுபடி பக்தி. அந்த அவசரத்தில்தானா?

மார்ச் 14
அதேதான். மைக்கை அணைத்ததும் டிரைவர், இரவல் வாங்கிய நினைவகத்தைக் கர்னலிடம் திருப்பித் தருகிறது. அது முடிவதற்குள் மைக்கைத் திறந்தால், தந்ததை மறந்து மறுபடியும் தருகிறது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை யாராவது இரண்டு தரம் திருப்பிக் கொடுப்பார்களா? கர்னல் மிரண்டு படுத்துவிடுகிறது.
'தந்தாயிற்று' என்று குறித்துக்கொள்ள டிரைவரில் ஒரு வரி சேர்த்தேன். பிறகு இவரை விடாமல் அதட்டினேன். விழவில்லை.
"இது சோதனையா, நெசமாவா?"
"ரெண்டும்தான்."

மார்ச் 20, வெள்ளி
ஓரகத்தி முறை. அவளிடமும் இதே ரகக் கணினி. அண்ணனும் தம்பியும் சேர்ந்துபோய் ஆளுக்கொன்று வாங்கியது. முதல் பாட்டிலேயே அவள் முகம் உறைந்தது, வாய் கோணியபடி. யாரை அதட்டினாளோ. மீதியை நான் பாடினேன். ரொம்ப இனிமையாக.

மார்ச் 21
கண்ணை மூடினால் சாமி வரவில்லை, அந்தக் கோணல் வாய்தான் வருகிறது. சொல்லிவிடலாமா? அவகிட்டயா? முடியாது. அதற்கு ஊர் உலகத்துக்கே கொடுத்துவிடலாம். அந்த வரியை டிரைவரைப் பராமரிப்பவருக்கு அனுப்பிவிட்டேன்; அவர் சேர்த்துக்கொண்டால் எல்லார் கணினிக்கும் போகும்.

மார்ச் 24
திருத்தம் சரியாம், ஏற்றுக்கொண்டாராம். ஒரே சந்தேகம் கேட்கிறார்: மைக்கை அணைத்த மறுநொடியே யாராவது திறப்பார்களா?
கல்யாணம் ஆகாதவர் போல.

மே 15, வெள்ளி
புதுப்பிப்பு எல்லார் கணினிக்கும் வந்துவிட்டது. அவளுக்கும். வாரம் ஒருத்தர் என்று குழுவும் முடிவு செய்துவிட்டது. இன்று அவள் முறை. கேட்ட பாட்டு ஒன்று, யாரும் கேட்காதது மூன்று. நடுநடுவே மைக் அணைகிறது, உதடு கடுகடுக்கிறது, மறுபடி தேன் சொட்டுகிறது. விழவே இல்லை.
நான் மைக்கை அணைத்து இவரிடம், "இனிமே இவளை நிறுத்த ஆண்டவனாலயும் முடியாது" என்றேன்.
மைக் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன். அணைந்துதான் இருந்தது. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.