சமையலறை ஜன்னலை நகரத்தின் வானிலையாகக் கொள்ள வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்:
ஹமித் இப்ராயெவ்,
இயற்பியல் விரிவுரையாளர் (ஓய்வு),
9, ஆலை வீதி, முதல் மாடி,
அக்தெரெக், கஸகஸ்தான்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பப் பிரிவு,
அக்தெரெக் நகராட்சி.

பொருள்: என் வெப்பமானியை நகரச் செயலிகள் நம்புவதை நிறுத்துதல் – தொடர்பாக.

மதிப்புமிகு தலைவர் ஐயா,

தவறு என் பக்கமும் இருக்கலாம் என்ற எண்ணத்துடனேயே இதை எழுதுகிறேன்.

1. வெளியூரில் இருக்கும் என் மகள் ரவ்ஷான் தினமும், "அங்க குளிர் எப்படிப்பா?" என்று கேட்பாள். அவளுக்காகச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வெப்பமானியைப் பொருத்தி, சிறு இணையச் சேவை ஒன்றை எழுதினேன். எந்தச் செயலி கேட்டாலும் அப்போதைய வெப்பநிலையைச் சொல்லும். அவ்வளவுதான். தங்கள் பிரிவினர் அதன் முகவரியைச் சோதனைக்கென்று கேட்டார்கள், பெருமையுடன் கொடுத்தேன். சோதனை முடிந்ததாக இன்றுவரை தகவல் இல்லை.

2. இலையுதிர்காலத்தில் என் வீட்டுக்கு நேர் கீழே மாஹிநுர் அம்மையார், மாவில் இறைச்சியை மடித்துச் சுடும் சம்சாக் கடை திறந்தார். அவருடைய தந்தூர் அடுப்பின் புகைபோக்கி என் ஜன்னலை ஒட்டி மேலே போகிறது. ஊரில் மைனஸ் இருபத்தெட்டு. என் வெப்பமானியில் பிளஸ் பதினான்கு. இதை நம்பி நகரக் கொதிகலன் நிலையம் வீடுகளைச் சூடாக்கக் குழாய்களில் வரும் வெந்நீரைக் குறைக்கிறது. பள்ளிகளுக்குக் கடுங்குளிர் விடுமுறை இல்லை. வீடு குளிர்ந்தவர்கள் சூடான சம்சாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நீள நீள அடுப்பு இன்னும் எரிகிறது. என் ஜன்னலில் கோடை முற்றுகிறது.

3. முன்பே புகார் செய்தேன். நகராட்சி இணையதளம், கொதிகலன் நிலையம், பள்ளித் துறை, பேருந்துப் பணிமனை ஆகிய நான்கும் உறுதி செய்திருப்பதால் வெப்பநிலை சரியே எனப் பதில் வந்தது. அந்த நான்கு செயலிகளும் ஒன்றையொன்று கேட்டு, கடைசியில் என் ஜன்னலைத்தான் கேட்கின்றன. ஆயினும் நான்கு துறைகள் சொல்வதைப் படித்தபின் எனக்கே ஐயம் வந்து, மேலங்கி இல்லாமல் தெருவில் இறங்கிப் பார்த்தேன். இருமல் இன்னும் நிற்கவில்லை.

4. வெப்பமானியை இடம் மாற்ற முடியவில்லை. அது இப்போது அரசுத் தரவு மூலம் என்று தங்கள் ஊழியர் ஈயமுத்திரை வைத்துவிட்டார். சேவையை நிறுத்தியும் பார்த்தேன். பதில் வராததால் செயலிகள் கடைசியாகக் கேட்ட பிளஸ் பதினான்கையே பிடித்துக்கொண்டன. பயந்துபோய் மீண்டும் இயக்கினேன். அடுப்பைச் சற்றுத் தணிக்குமாறு மாஹிநுர் அம்மையாரிடம் கேட்டதற்கு, "அடுப்ப அணைச்சிட்டா இந்த ஜனம் எங்க போய்க் குளிர் காயும் தாத்தா? வேணும்னா ஒங்க வெப்பமானிய மாவுல மடிச்சுச் சுட்டுத் தரேன், எடுத்துட்டுப் போங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

5. எதிரே மகப்பேறு இல்லம். அங்குள்ள செவிலியர் ஷொல்பான் ஒருநாள் என் கதவைத் தட்டினார். "தாத்தா, ஊருக்கு வெயில் விடுறது நீங்கதானாமே? பொறந்த புள்ளைங்க வெறைச்சுப் போகுதுங்க. கொஞ்சம் குளிர் விடுங்க, எங்களுக்குச் சூடு வரட்டும்."

அன்று முதல், முத்திரையைத் தொடாமல், குளிர்காலத்துக்கென்று பால்கனியில் உறையவைத்திருக்கும் குதிரைக்கறியில் ஒரு விலாத் துண்டை வெப்பமானியின்மேல் சாய்த்து வைக்கிறேன். எதிரே குழாய்கள் சூடாகின்றன. கறி இளகியதும் மறுபடி குளிர்ந்துவிடுகின்றன. இளகிய கறியை நான் ஒருவனே தின்று தீர்க்கவும் முடியவில்லை. அரசுத் தரவில் குதிரைக்கறியைக் கலப்பது குற்றமாகலாம். தண்டனையை ஏற்கிறேன்; பனி உருகியபின் தந்தால் நலம்.

ஆகவே வெப்பமானியை வடக்குச் சுவருக்கு மாற்ற அனுமதி தருமாறும், அதற்குமுன் எந்தச் செயலியையும் கேளாமல், தங்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் கொதிகலன் நிலையத்தாருக்குத் தொலைபேசியில் சொல்லுமாறும் வேண்டுகிறேன்.

இம்மனுவை மாஹிநுர் அம்மையாரே நேரில் கொண்டுவருகிறார். கடையில் வேறு ஆள் இல்லாததால் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறார். அவர் தங்கள் வாசலில் காத்திருக்கும்வரை குழந்தைகளுக்குச் சூடு கிடைக்கும். எனவே தயவுகூர்ந்து அவரை உடனே உள்ளே அழைக்க வேண்டாம்.

இடம்: அக்தெரெக்
நாள்: ஜனவரி 19

தங்கள் பணிவுள்ள,
ஹ. இப்ராயெவ்